இறக்கிவிட்டேன் என்று சொன்னது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம், நீ நலமா என்று எழுதத்தான் கை போகிறது. நான் நலம். அப்பா நலமாக இல்லை. போனில் என்றால் நீயும் நானும் சரி சரி என்று பேசி வைத்துவிடுவோம், அதனால்தான் மின்னஞ்சல். இன்று உனக்கு ஓய்வு நாள் என்று தெரிந்துகொண்டுதான் அனுப்புகிறேன்.

மாதங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் இப்போது வாரங்கள் என்கிறார். சூப் கூட இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று உன்னிடம் நான் சொன்னது அப்பா சொல்லச் சொன்னது. மாடிப்படி ஏற முடியாததால் கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டோம். சித்தப்பா சாயங்காலம் வந்து முகம் மழித்துவிடுகிறார். நேற்று அவர், "அண்ணே, பொண்ணு ஓட்டுற பிளேன்ல எனக்கு ஒரு ஓசி டிக்கெட் கேட்டு வை" என்று கிண்டல் செய்ததற்கு, "உன் வெயிட்டுக்கு அவ தனி பிளேன்தான் எடுக்கணும்டா" என்றார் அப்பா. சிரித்த பிறகு மூச்சு சீராக வெகுநேரமாயிற்று. வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்கிறார், போர்வைக்குள் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. தரையிறங்கும் நேரத்தில் ஓடுபாதையை மாற்றிவிட்டார்கள், ரேடியோவில் பேச்சு ஓயவில்லை, கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டியிருந்தது, அந்த நேரம் பார்த்து கேப்டன் சக்கரத்தை இறக்கச் சொன்னார், "இறக்கிட்டேன்னு சொன்னேன்மா, ஆனா கை அந்தப் பக்கம் போகவே இல்ல" என்றாய். சக்கரம் இறங்கினால் எரிகிற பச்சை விளக்கு எரியாததை அவர் கவனித்து, விமானத்தை மறுபடி மேலே ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கியிருக்கிறார். வேலை நெருக்கடிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடுபாதையை மாற்றுவது உனக்குப் புதிதா? இறங்கும்போது வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று உங்களுக்கு விதியே இருக்கிறது. நான் வேலை செய்யும் ஆய்வகத்திலும் அளந்து ஊற்றுகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவள் தலைக்குள்ளேயே பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் யார் என்ன செய்வது? அன்று காலையில்தான் அப்பாவின் ஸ்கேன் விவரம் உனக்குத் தெரிந்தது. இறங்கிய பிறகு கேப்டன் "வீட்டுல ஏதாவதா?" என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல சார்" என்றிருக்கிறாய். அதுதான் உறுத்துகிறது. இறக்கிட்டேன் என்றதும் அதே வாய்தானே.

நாளைக்கே கேப்டனிடம் போய்ச் சொல். அப்பா சாகக் கிடக்கிறார், என் மனம் வேலையில் இல்லை, என்னைக் கொஞ்ச நாள் ஓட்டவிடாதீர்கள் என்று சொல். அடுத்த மாதத் தேர்வு தள்ளிப்போகும், பெண்பிள்ளை என்றால் இப்படித்தான் என்று நாலு பேர் முணுமுணுப்பார்கள், தெரியும். உன் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றியெல்லாம் பெரிய பேச்சுப் பேச எனக்கு வராது. ஒரே சமயத்தில் இரண்டு பேரைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"அவளைத் தொந்தரவு பண்ணாதே" என்றுதான் அப்பா சொல்கிறார். ஆனால் இன்று காலை மேலே விமானச் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே "ஏறுதா, இறங்குதா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? இறங்குது என்றேன்.

ஆசீர்வாதத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது என்பது உனக்கே தெரியும், இருந்தாலும் நன்றாயிரு. வேளைக்குச் சாப்பிடு. வீட்டுக்கு வரும்போது ஸ்வெட்டர் எடுத்துக்கொள், ஹாலில் ஜன்னலை மூட அப்பா விடுவதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, பயணியாகப் பின்னால் உட்கார்ந்து வா. அழுகை வந்தால் அங்கே அழுதுகொள்ளலாம்.

உன்
அம்மா