ஊதாக் கோடு போட்ட பனியன்

அண்ணனூர் குவார்ட்டர்ஸ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: ஒரு வருடத்துக்குப் பிறகு இன்று காலை என் சைக்கிளைத் துடைத்தேன். பழைய ஆஸ்பத்திரிப் பையில் துடைக்க அகப்பட்ட துணி, உன் பனியன், அண்ணே. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, நம் பாஷையில் கரண்ட், வைக்க உன் அடிவயிற்றில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட ஊதா மைக்கோடு அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. "கேரம் போர்டு மாதிரி கீறியே, ஸ்ட்ரைக்கர் எங்கண்ணே?" என்று அன்று கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வலித்திருக்கும்.

ஐந்து வாரமும் மின்சார ரயிலில் உனக்கு நான்தான் துணை. ஒருநாள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "இந்த கரண்டு நல்ல செல்லையும் சேத்து சுடுமாமே. உங்க அண்ணிகிட்ட போவவே முடியலடா. நான் வெறுத்துட்டேன்னு நெனச்சுகினு கீது. டாக்டராண்ட நீ கேளேன். எனுக்கு வாய் வரல."

தலைமையாசிரியர் நாற்காலியில் பசை தடவியவன் நான், எனக்கா கூச்சம்? உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்து உள்ளே போய்வந்து சொன்னேன்: "நல்ல செல்லு குமணன்சாவடி டீக்கடை மாதிரியாம். லாரி இடிச்சாலும் மறுநாளே பாய்லர் ஏத்திடுமாம். ஆறே மாசம், அப்பால நீ புது மாப்பிள்ளை."

திரும்பும் வழியெல்லாம் விசிலடித்தாய்.

ஆறு மாதம் ஆனது. "எல்லார்க்கும் சரியாவுதாம், எனுக்கு மட்டும் இன்னாடா கொற?" என்றாய். பாயை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாய். அண்ணியோடு பேச்சும் நின்றது. நோய் திரும்பி வந்தது, மழைக்காலத்துக்குள் போய்விட்டாய்.

போன வாரம் நீ வேலை பார்த்த பேக்டரிக்குத் தர ஒரு சர்டிபிகேட் வாங்க அண்ணியோடு போனேன். அப்போது டாக்டரிடம் உன் கேள்வியைக் கேட்டே விட்டேன். "பக்கத்துல இருக்கற நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அடிபடும். சிலருக்கு மெதுவா சரியாகும், சிலருக்கு ஆகாது. அது சிகிச்சையால வர்றது, அவர் குறையில்ல. அப்பவே கேட்டிருந்தா ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொல்லியிருப்பேனே" என்றார்.

அண்ணி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். "அவரு இருக்கசொல்ல இது தெரிஞ்சிருந்தா, நானும் என் பாயை எடுத்துகினு ஹாலுக்குப் போயிருப்பேன்" என்றார்.

நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்று டாக்டர் அறைக் கதவு வரைதான் போனேன், அண்ணே. எனக்கும் வாய் வரவில்லை. வராந்தா திருப்பத்தில் இருந்த எடை மெஷினில் ஏறி இறங்கிவிட்டு வந்தேன். டீக்கடை, பாய்லர், ஆறு மாதம் எல்லாம் என் கைச்சரக்கு. அங்கே நான் தெரிந்துகொண்டது என் எடை மட்டும்தான்: நாற்பத்தாறு கிலோ.

அறிவிப்பும் பொய்தான், சைக்கிளையும் துடைக்கவில்லை. பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.