நடுக் கட்டத்தில் அம்மா

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம், அவர் சமையல் மட்டும் கவலைக்கிடம்.

கம்பெனி கம்பெனியாகப் போய் நீ சொல்லித்தரும் முறைதான் நம் வீட்டிலும். ஃபிரிட்ஜ் கதவில் மூன்று கட்டம்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. வேலைக்கு ஒன்றாக ஒட்டும் மஞ்சள் சீட்டு. காலையில் நானும் அப்பாவும் நின்றபடியே பேசுகிறோம்: நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எது தடை? அப்பாவுக்குத் தினமும் ஒரே தடை: "உன் வாய்தான்."

குளியலறைக் குழாய்ச் சீட்டு மூன்றே நாளில் முடிந்தது. "அம்மா வீட்டுக்கு வருவது" மட்டும் எட்டு மாதமாக நடுக் கட்டத்தில் நிற்கிறது. ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது.

இப்படிக்கு,
உன் வாடிக்கையாளர்

மார்ச் 15

என் வாயாடிக்கு,

இன்னும் நாலு கம்பெனிதான் கண்ணு. அக்டோபரில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தால், மூன்று மாதம் முழுசாக உன்னோடுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் என்னை, "நாற்காலியை எல்லாம் எடுத்துட்டு, நிக்க வெச்சு மீட்டிங் நடத்துற பைத்தியம்" என்றார்கள். இன்று அவர்களே மேடை தருகிறார்கள். கொஞ்சம் பொறுத்துக்கோ.

அடுத்த கூட்டத்துக்கு மஞ்சள் சீட்டுக் கட்டுகள் வேண்டும். அனுப்பி வை.

முத்தங்களுடன்,
அம்மா

மார்ச் 24

அம்மா,

நீ சொன்ன கதையை நீயே மறந்தாயா? ஒரு ஆஸ்பத்திரிக்காக நீயும் உன் குழுவும் இரண்டு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு மென்பொருள் எழுதி, கடைசி நாளில் காட்டினீர்கள். நர்ஸ் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க கேட்டது இது இல்லையே" என்றார். அதற்குப் பிறகுதானே, இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று கிளம்பினாய்? எனக்கு மட்டும் ஏன் அக்டோபரில் மொத்தமாக? அதற்குள் நான் வளர்ந்துவிடுவேன். "நான் விட்டுட்டுப் போன பொண்ணு இவ இல்லையே" என்பாய்.

சீட்டுக் கட்டுகள் இத்துடன். சமர்த்தாக அடுக்கியிருக்கிறேன்.

காத்திருக்கும் வாடிக்கையாளர்

ஏப்ரல் 9

அடிப்பாவி!

கட்டுகளைப் பிரித்து முன்னூறு பேருக்கும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, "உங்க வேலையை எழுதுங்க" என்றேன். எழுத இடமில்லையாம்! முன்னூறிலும் "அம்மா வீட்டுக்கு வருவது, எட்டு மாதம்" என்று உன் கோழிக்கிறுக்கல். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"இவ்ளோ நாள் நகராத சீட்டை என்ன பண்ணணும் மேடம்?"

"ரொம்பப் பெருசு. துண்டு போடணும்," என்றேன். எத்தனையோ முறை சொன்ன பதில்தான். ஆனால் இந்த முறை கையிலிருந்த உன் சீட்டை இன்னொரு தடவை படித்தேன். தண்ணீர் குடித்தேன்.

துண்டு போட்டுவிட்டேன். இனி மாதத்தில் ஒரு வாரம் வீட்டில். இரண்டு கம்பெனிகளை என் உதவியாளரிடம் ஒப்படைத்தாயிற்று. முதல் துண்டு, ஏப்ரல் 18.

தோற்றுப்போன அம்மா

ஏப்ரல் 19

அம்மா,

இந்தக் கடிதத்துக்குத் தபால்பெட்டி வேண்டாம். காலை மணி பத்து, நீ பக்கத்து அறையில் இன்னும் தூங்குகிறாய், தலையணைக்கடியில் வைத்துவிடுவேன்.

நேற்று வந்ததும் வராததுமாகச் சீட்டை "முடிந்தது" கட்டத்துக்கு நகர்த்தப் பார்த்தாய். கையைத் தட்டிவிட்டேன். கேட்டவர் பார்த்துச் சரி சொல்லும்வரை எதுவும் முடிந்ததாகாது, உன் விதிதான். சோதனை நடக்கிறது. இதுவரை கண்ட குறை: குறட்டை. நான் உன்னைவிட உயரமாகிவிட்டதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாயே, அதைக் குறையில் சேர்க்கவில்லை.

எழுந்ததும் ஃபிரிட்ஜ் பக்கம் வா. நின்று பேச மூன்றாவது ஆள் வேண்டும். வருமுன் நெற்றியைத் தொட்டுப் பார்; அந்தச் சீட்டை அங்கேதான் ஒட்டியிருக்கிறேன்.

அப்பாவிடம் இன்றைய தடையைக் கேட்டேன். "இன்னைக்கு ஒண்ணுமில்ல," என்கிறார்.

இப்படிக்கு,
முக்கால்வாசி திருப்தியான வாடிக்கையாளர்