பார் இல்லாத சைக்கிள்

மார்ச் 3, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் சகலை உட்கார்ந்திருக்கிறான். என் நாற்காலியில். கையில் என் டம்ளர்.

பேச்சு என் மனைவியின் முழங்காலைப் பற்றி. இவளுக்கு ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். நடக்கலாம், ஆனால் தினமும் மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கோ மேட்டு உச்சியில் இருக்கிறது. பஸ் பெரிய ரோட்டோடு திரும்பிவிடும். ஒரு சைக்கிளில் சின்ன எஞ்சின் பூட்டித் தருகிறேன் என்று ஆபரேஷன் முடிந்த வாரமே சொன்னேன். சொன்னதோடு சரி.

"அக்கா, எங்கிட்ட புல் வெட்டுற மெஷின் எஞ்சின் ஒண்ணு சும்மா கிடக்கு. பின்னாடி கேரியர்ல பூட்டி, ஒரு உருளையை டயர்ல ஒட்டி விட்டா மேட்டுல ஜம்முனு ஏறும். ரெண்டே வாரம்" என்கிறான்.

"வல்லவனுக்குப் புல் வெட்டுற மெஷினும் ஆயுதம்" என்று இவள் சிரித்தாள்.

அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். நான் பாட்டில் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருட ஃபிட்டர். பொறாமையா என்றால் ஆமாம், பொறாமைதான். என் நோட்டில் எனக்கே எதற்கு நடிப்பு?

மார்ச் 5, வியாழன்

மொட்டை மாடியில் கிடக்கும் என் சைக்கிளை இறக்கித் துடைத்தேன். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே பார் வைத்தது. எஞ்சினை வயிற்றுக்குள் உட்கார வைக்கலாம், பெட்ரோல் டேங்கைப் பார் மேல் வைக்கலாம். எஞ்சின் பூட்ட இதைவிட நல்ல ஃபிரேம் கிடையாது.

இவள் ஒரு பார்வை பார்த்தாள். "அந்தப் பாருக்கு மேல நான் காலைத் தூக்கிப் போட்டா அடுத்த ஆபரேஷன்தான். என் காலுக்குச் செய்றீங்களா, உங்க எஞ்சினுக்குச் செய்றீங்களா?"

இந்தக் கேள்வியைச் சகலையிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் முதல் நாளே, "பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான்க்கா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டானாம்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்று பேரும் பழைய சைக்கிள் கடைக்குப் போனோம். பார் இல்லாத ஃபிரேம் இரண்டு இருந்தன. ஒன்றில் ஹேண்டிலிலிருந்து சீட்டுக்கு இரண்டு குழாய்கள் சரிந்து இறங்கும். கொஞ்சம் உயரம், ஆனால் இறுக்கமான உடம்பு. இன்னொன்றில் ஒரே குழாய். அரிவாள் போல வளைந்து தரையை ஒட்டி இறங்கும். நீல நிறம்.

இரட்டைக் குழாயைத் தாண்ட இவள் கொஞ்சம் கையை ஊன்றினாள். நீலத்தை அவன் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மூன்று தடவை தாண்டினாள். "வாசப்படி தாண்டுற மாதிரி இருக்கு!" வாய் கொள்ளாத சிரிப்பு. ஏழு மாதமாக நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. அதை அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

நான் சொன்னேன்: "ஒத்தக் குழாய் எஞ்சின் ஆட்டத்துக்குத் தாங்காது. இரட்டைதான் சரி."

நியாயமான வார்த்தை. ஆனால் என் மூஞ்சி அப்போது எப்படி இருந்ததோ! இவள் கடைக்காரருக்கு முன்னாலேயே, "தம்பி எதைச் சொன்னாலும் உங்களுக்குக் கோணல்தான்" என்றாள். கடைக்காரர் வேறு சிரித்து வைத்தார்.

சரி. இனி இந்தச் சைக்கிள் விஷயத்தில் நான் வாயைத் திறந்தால் என்னை என்னவென்று கேள்.

நீலத்தைத் தோளில் சுமந்து வந்தது மட்டும் நான். முகத்துக்குப் பக்கத்திலேயே ஹேண்டில் நுழையும் கழுத்து. குழாயும் கழுத்தும் சேரும் இடத்தில், அடிப்பக்கம், ஒரு கோடு. மயிரிழைதான். அதிலிருந்து துரு மெல்லிசாகக் கசிந்திருந்தது. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

மார்ச் 9, திங்கள்

பெயிண்ட் கீறலாகவும் இருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

பெயிண்ட் கீறலில் துரு கசியாது. யாரிடம் கதை விடுகிறேன்?

மார்ச் 14, சனி

சகலை ஃபிரேமுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டான். கோடு மறைந்துவிட்டது. நான் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். "அண்ணே, பதிமூணு... அண்ணே, பதினேழு..." வார்த்தைக்கு வார்த்தை அண்ணே. என் தெருவில் என் வாசலில் என்னை வைத்துக்கொண்டே வேலை காட்டுகிறான். மச்சினி வேறு வாசலில் நின்று, "எங்க வீட்ல இவரு கை படாத சாமானே கிடையாது மாமா" என்றாள். என் வீட்டில் என் கை பட்ட சாமான் என்னென்ன என்று யோசித்தேன். குழாய் வாஷர்.

சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன். இல்லை, எஞ்சின் பூட்டி, ஓட்டி, ஆட்டம் கண்டு, எல்லார் முன்னாலும் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கட்டும். அப்போது சொல்கிறேன்: நான் அன்றைக்கே சொன்னேனே.

மார்ச் 19, வியாழன்

எஞ்சின் ஓடுகிறது. ஸ்டாண்டு போட்டு ஓட விட்டுப் பார்த்தார்கள், தெருவே அதிர்ந்தது. எல்லாரும் போன பிறகு குனிந்து பார்த்தேன். கழுத்தில் பச்சைப் பெயிண்ட் வெடித்திருக்கிறது. அதே கோடு. இப்போது நகம் நுழைகிறது.

ஞாயிற்றுக்கிழமை இவள் ஓட்டப் போகிறாள்.

டேய், உனக்கு என்னடா ஆச்சு?

மார்ச் 22, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி ரோட்டுக்குப் போனோம். இவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். அவள் குழாயைத் தாண்டி நின்று, ஹேண்டிலில் கை வைத்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். "ஃபிரேம்ல விரிசல் இருக்கு." அவ்வளவுதான்.

ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "இரு. கட்டினவன்தான் முதல்ல ஓட்டணும். அதுதான் மரியாதை." அவள் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அவன் பெருமையோடு வாங்கி மாட்டிக்கொண்டான். "தேங்க்ஸ்ணே."

ஏற்றம் நன்றாகத்தான் ஏறினான். மேலே போய்க் கையை ஆட்டினான். இறங்கும்போது பிரேக் பிடித்தான். கழுத்து தனியாகக் கழன்று வந்துவிட்டது. ஹேண்டிலும் முன் சக்கரமும் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

தோள்பட்டை எலும்பு முறிவு. முன்பற்கள் இரண்டு போய்விட்டன. ஹெல்மெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்: "நீங்க மட்டும் ஹெல்மெட் கொடுக்கலைன்னா என்ன ஆயிருக்கும் மாமா!"

மார்ச் 23, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. இவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு ஹெல்மெட் போட்டு விட்டீங்க. நான் ஏறி நின்னுட்டேன். அப்புறம் கழட்டி அவனுக்குக் கொடுத்தீங்க. ஏன்?"

"கட்டினவன்..."

"மரியாதைன்னு என்னிக்கு அவனுக்கு நீங்க கொடுத்திருக்கீங்க?"

சொன்னேன். தோளில் சுமந்து வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு, "நான்னா இறக்கி விடத் தெரிஞ்சுது, இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 26, வியாழன்

இவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிடு என்று சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

சகலை வீட்டுக்குத் தனியாகப் போனேன். கையைத் தூளி போலக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். மச்சினி உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பு இல்லை, ரம்பம் போட்டு அறுத்தது.

அடிப்பான் என்று நினைத்தேன். கத்துவான் என்று நினைத்தேன். பல் போன வாயோடு மெதுவாகப் பேசினான்.

"அந்தக் கோட்டை நானும் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கிறப்போ. எனக்கு இரும்பு அவ்வளவா தெரியாது. ஃபிட்டர் பக்கத்திலயே நிக்கிறாரு, ஏதாவது இருந்தா சொல்ல மாட்டாரான்னு அடிச்சுட்டேன்."

அவன் என்னை நம்பித்தான் பெயிண்ட் அடித்திருக்கிறான். நான் அவன் எப்போது விழுவான் என்று பார்த்துக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கிளம்பும்போது வழக்கமாக "வாங்கண்ணே" என்பான். "சரி" என்றான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இவள்தான் பேச்சை எடுத்தாள். "கால் வலிக்குது. சைக்கிள் வேணும். நீங்களே கட்டுங்க."

அந்த இரட்டைக் குழாய் ஃபிரேம் கடையில் இன்னும் இருந்தது. தாண்டச் சொன்னேன். கையை ஊன்றித்தான் தாண்டினாள். சீட்டுக் கம்பியைச் சின்னதாக மாற்றி, சக்கரத்தையும் ஒரு அளவு குறைத்துப் போட்டால் நான்கு விரல் இறங்கும். கணக்குப் போட்டுக் காட்டினேன். சிரிக்கவில்லை, ஆனால் மறுபடி ஒரு தடவை தாண்டிப் பார்த்தாள்.

ஏப்ரல் 18, சனி

பெயிண்ட் முழுவதும் சுரண்டிவிட்டேன். ஒவ்வொரு இணைப்பிலும் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி பூசிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் பொடியில் ஈரக்கோடு தெரியும். எங்கேயும் தெரியவில்லை. மறுபடி செய்தேன். மூன்றாவது தடவை செய்யும்போது இவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மே 3, ஞாயிறு

சகலையின் எஞ்சினையே கேரியரில் பூட்டிவிட்டேன், ஆனால் உருளை டயரில் வழுக்குகிறது. என் அளவெல்லாம் சரி, ஆனாலும் வழுக்குகிறது. வெட்கத்தை விட்டுச் சகலையைக் கூப்பிட்டேன். வந்தான். ஒற்றைக் கையால் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்து, "இங்க பாருங்க, இது ஒரு ஓட்டை பின்னாடி போகணும்" என்றான். அவன் சொன்னது சரி. வயிறு கொஞ்சம் எரிந்தது. எரியட்டும்.

இப்போதெல்லாம் "இங்க பாருங்க"தான். அண்ணே இல்லை.

மே 10, ஞாயிறு

சைக்கிள் தயார். ஹெல்மெட்டை இவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. மேடு ஏறி, இறங்கி, பிரேக் பிடிச்சு. அப்புறம் நான் ஏறுறேன்."

சகலை, மச்சினி எல்லாரும் நிற்கிறார்கள். போனேன். திரும்பி வந்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு மட்டும் இல்ல. தினமும்."

மே 28, வியாழன்

தினமும் காலை ஆறரைக்கு ஒரு ரவுண்டு. லேடீஸ் சைக்கிளில் தொந்தியோடு நான் டுர்ரென்று போவதைப் பார்க்கவென்றே எதிர்வீட்டுக்காரர் பல் தேய்க்க வாசலுக்கு வருகிறார். "என்ன சார், வீட்டுக்காரம்மாவுக்கு வண்டி சூடு பண்றீங்களா?" ஆமாம் சார்.

ஜூன் 21, ஞாயிறு

சகலைக்குப் புதுப் பல் கட்டியாகிவிட்டது. சிரித்தால் பழைய மாதிரிதான் இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, இவளைப் பார்த்துச் சிரித்தான். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆறரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ரவுண்டு போக வாசலுக்கு வந்தேன். சைக்கிள் இல்லை. ஆணியில் ஹெல்மெட்டும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

எஞ்சின் சத்தம் மேடு ஏறிக்கொண்டிருந்தது. உருளை வழுக்கவில்லை. மேட்டு உச்சியில் சத்தம் நிற்கும் வரை வாசலிலேயே நின்றேன்.