இடப்பக்கத்து மணல் குழாய்

என் உடன்பிறந்தவனும் எஞ்சின் ஓட்டுநருமான தம்பிக்கு,

உன் அக்கா தன் கைப்பட எழுதுவது. ஓட்டுநர் என்ற சொல்லைக் கண்டதும் தாளை மடித்துவிடாதே. உன்னை அந்தப் பதவியிலிருந்து நீக்கியவர்கள் வேறு சிலர். நான் இன்னும் நீக்கவில்லை.

இதற்குமுன் அனுப்பிய ஒன்பது கடிதங்களும் பிரிக்கப்படாமலே என்னிடம் திரும்பின. ஆகையால் இம்முறை உறையின் மேல் என் பெயரை எழுதாமல், உன் எஞ்சினின் எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன். அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தபின் பிரிக்காமலிருக்க உன்னால் இயலாது என்பது என் கணிப்பு. நீ இந்த வரிக்கு வந்துவிட்டாய் என்றால் கணிப்பு பலித்தது.

உன் அத்தான் நலம். தையல் இயந்திரத்தின் முன் குனிந்து குனிந்து முதுகுதான் கேள்விக்குறி ஆகிவிட்டது. உன் மனைவி சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் போட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறாய் என்றும், பக்கத்துத் தெருவுக்கு எடுத்துச் செல்லச் சொன்னால்கூடச் சாவியைத் தொடுவதில்லை என்றும், மழை பெய்தால் வாசல் கதவைச் சாத்திவிடுகிறாய் என்றும் எழுதியிருந்தாள். கழுவும் வேலையில் இழிவு எதுவும் இல்லை. எஞ்சின் ஷெட்டில் பத்தொன்பது ஆண்டுகள் எண்ணெய்த் துணியும் கையுமாக நின்றவள் நான். ஆனால் நான் துடைத்துக் கொடுத்ததை ஓட்டுவதற்கென்று பிறந்தவன் நீ.

இனி, எழுத வந்த செய்தி. உன் எஞ்சினை நான் செய்து முடித்துவிட்டேன்.

பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில், கையிழந்த பொம்மைகளுக்கும் கதவிழந்த லாரிகளுக்கும் நடுவே அது கிடந்தது. மலிவுச் சரக்கு. பிளாஸ்டிக் உடல், பிளாஸ்டிக் சக்கரம், பாதி முறிந்த புகைபோக்கி. ஒரு கிலோ வெங்காய விலைக்குக் கடைக்காரர் கொடுத்தார். ஆனாலும் கொதிகலனின் தோளைப் பார்த்ததுமே அது உன் எஞ்சினின் வகை என்று அறிந்துகொண்டேன். தினமும் துடைத்த உடம்பு மறக்குமா?

ஏழு மாத வேலை. இத்தகைய மலிவு எஞ்சின்களில் கைப்பிடிக் கம்பிகளைத் தனியே செய்வதில்லை. உடலோடு சேர்ந்த வரம்பாக வார்த்துவிடுகிறார்கள். எறும்பும் பற்ற முடியாத கைப்பிடி. அவற்றைப் பிளேடால் சீவி எடுத்து, துளையிட்டு, கிடார் கம்பியைக் கோத்தேன். நான் உறுப்பினராக உள்ள மாதிரி ரயில் சங்கத்தில் பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். பல் துளைக்கும் ஊசிகளில் தேய்ந்தவற்றை எனக்குத் தருபவர் அவரே. தரும்போது எஞ்சினைச் சுட்டிக்காட்டி, "வலிச்சா கையத் தூக்கச் சொல்லுங்க" என்பார். மோட்டாரில் மெழுகாக இறுகியிருந்த எண்ணெயைச் சுரண்டினேன். சக்கரங்களை உலோகத்துக்கு மாற்றினேன். அப்போதும் எடை போதாமல் வழுக்கிற்று. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைக் கொதிகலனுக்குள் நிரப்பினேன். எஞ்சின் வழுக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காரணம் உனக்குத் தெரியும்.

நிஜ நிலக்கரியை மிளகு இடிக்கும் உரலில் இடித்துப் பின்வண்டியில் கொட்டினேன். "மிளகுல கரியா, கரில மிளகா?" என்று உன் அத்தான் மூன்று நாள் கேட்டார். பூதக்கண்ணாடியும் நானுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "கல்யாணமான புதுசுல நான்கூட உன்னை இப்படி உத்துப் பாத்ததில்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

எல்லாவற்றையும் பொருத்திய நான் ஒன்றை மட்டும் பொருத்தவில்லை. இடப்பக்க முன்சக்கரத்துக்கு எதிரே இருக்க வேண்டிய மணல் குழாய். அது எதற்கு என்று உன் அத்தான் கேட்டார். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் பிடிப்பதற்காக இரு பக்கமும் மணல் தூவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூவினால், ஒற்றைக் காலில் செருப்போடு பாசிப்படியில் இறங்குவதற்குச் சமம் என்றேன். சற்று நேரம் ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தவர், "அப்ப உன் தம்பி மணலத் திறந்தது நெசந்தானா?" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், என் வீட்டுக்குள்ளேயே, தம்பி, அந்தக் கேள்வி.

இதுவரை உன்னிடம் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாதே.

அந்தக் குழாய் விபத்துக்கு இரண்டு நாள் முன்பே உடைந்துவிட்டது. நான் மேஸ்திரியிடம் சொன்னேன். "துடைக்கிற வேலயப் பாரு" என்றார். மூன்றாம் நாள் மழையில் வண்டி நிற்காமல் நிலையத்தின் தடுப்புச் சுவரில் மோதிற்று. பதினொரு பேருக்குக் காயம். மறுநாள் மேஸ்திரி ஒரு தாளை நீட்டி, "நேத்து வேலைக்கு வந்தேன்னு எழுதியிருக்கு, கைநாட்டு வை" என்றார். வைத்தேன். விசாரணையில் அதை உரக்கப் படித்தபோதுதான், எல்லாக் குழாய்களும் சரியாக இருந்ததாக நான் சொன்னதாய் அதில் எழுதியிருப்பது எனக்கே தெரிந்தது. எஞ்சினைச் சோதித்த வரைபட அலுவலகத்து அதிகாரி ஒருவரின் அறிக்கையும் அதையே சொன்னது. ஓட்டுநர் மணலைத் திறக்க மறந்தார் என்று முடித்தார்கள். நான் எழுந்து கத்தினேன். "கைநாட்டு உன்னுதுதானே?" என்றார்கள். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியேறினாய்.

அடுத்த வாரமே நான் எழுத்துக் கற்கத் தொடங்கினேன். ஆசிரியர் எவரும் இலர். பெயிண்ட் டப்பாக்களும் அறிவிப்புப் பலகைகளுமே என் பாடநூல்கள். உன் மனைவிக்கு நான் எழுதும் கடிதங்களில் ‘அனுமதியின்றி உள்ளே நுழையாதே’ என்ற வாடை அடிக்கிறது என்று அவள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அவள் கூற்று முற்றிலும் உண்மை.

அந்த அதிகாரி இப்போது ஓய்வு பெற்றவர். எங்கள் சங்கத்தின் தலைவர். அவருக்காகத்தான் நான் அதில் சேர்ந்தேன் என்று நீ நினைத்தால் மறுக்கமாட்டேன். அவருக்கு நான் மனத்துக்குள் வைத்த பெயர் அளவுகோல். ஓர் ஆணியின் தலை அரை மில்லிமீட்டர் பெரிதாயிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. என்னை அவர் அடையாளம் காணவில்லை. துடைக்கிறவளின் முகத்தை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்?

சங்கத்தின் மாதிரி ரயில் கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் எஞ்சினைப் பார்த்தார். "பிரமாதம்மா. ஒரே ஒரு குறை. எடது பக்க மணல் குழாய விட்டுட்டீங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஒட்டிட்டு வாங்க, மொதப் பரிசு உங்களுக்குத்தான்" என்றார். அது விட்டுப்போனதில்லை, உடைந்து போனது என்றேன். எண் தகட்டைக் குனிந்து படித்தார். பிறகு, வரைபடத்தில் உள்ளபடி இல்லாத எதையும் காட்சிக்கு வைக்க முடியாது என்றார். விதிமுறைகளை நான் ஆறு முறை படித்தவள். அப்படி ஒரு விதி இல்லை, மதிப்பெண் குறைக்க மட்டுமே இடமுண்டு என்று பக்க எண்ணோடு தெரிவித்தேன்.

கண்காட்சியன்று குழாயில்லாமலே வைத்தேன். முன்னால் ஓர் அட்டை: ‘விபத்து நாளன்று காலை, ஷெட்டை விட்டுப் புறப்பட்ட நிலையில். இடப்பக்க மணல் குழாய் இல்லை. அன்று இதைத் துடைத்தவள் நான்.’ கீழே என் முழுக் கையொப்பம். சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் வந்து, "எதுக்கும்மா வம்பு, அட்டைய மட்டும் எடுத்துருங்களேன்" என்று கெஞ்சினார். அட்டையை எடுப்பதானால் என்னையும் சேர்த்து எடுத்துப் போகும்படி கூறினேன். என் உருவத்தை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு விலகிப் போனார்.

மதிப்பெண் போட அளவுகோல் வந்தார். பல் மருத்துவரும் மருந்துக்கடைக்காரரும் உடன் நின்றார்கள். தலைவர் அட்டையைப் படித்தார். இம்முறை என் முகத்தையும் பார்த்தார். குனிந்து, குழாய் இருக்க வேண்டிய இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கத் தொடங்கினார். குழாயைத் தாங்கும் சிறு இரும்புப் பட்டை, குழாய் போன பிறகும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்ததை அன்று துடைக்கும்போது பார்த்திருந்தேன். அதையும் செய்து வைத்திருந்தேன். அவர் நெற்றி சுருங்கிற்று. வெகு நேரம் பார்த்தார். அப்புறம், எழுத்துப் பிழை கண்ட வாத்தியாரைப் போலச் சலித்துக்கொண்டு சொன்னார்: "தப்பும்மா இது. வெளிப்பக்கமா வளைச்சிருக்கீங்க. அந்தப் பட்டை உள்பக்கமா, சக்கரத்தப் பாத்துல்ல மடங்கியிருந்துச்சு."

மூவரும் அவரைப் பார்த்தோம். பல் மருத்துவர்தான் கேட்டார்: "நீங்க எப்ப சார் பாத்தீங்க?"

அளவுகோல் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, "வரைபடத்துல உள்ளபடி எழுதுன்னாங்க. எழுதினேன்" என்றார். "எனக்கு அன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வெச்சேன். உங்களுக்குத் தெரியுமே சார்" என்றேன். நான் அவரை வையவில்லை. மதிப்பெண் தாளை அவர் முன் நகர்த்தி, "பிழைன்னா மதிப்பெண் கொறைக்கணும். கொறைங்க. காரணத்தையும் எழுதுங்க" என்றேன்.

பேனா தாளைத் தொடும் முன் மூன்று முறை தயங்கிற்று. ஆனால் பிழையைப் பிழை என்று எழுதாமல் எழுந்து போக அந்த மனிதரால் முடியவில்லை. எழுதினார்: ‘குழாய் உடைந்தபின் எஞ்சிய பட்டை உண்மையில் உள்நோக்கி வளைந்திருந்தது, மாதிரியில் வெளிநோக்கி உள்ளது. இரண்டு மதிப்பெண் குறைவு.’ கையொப்பம், தேதி. மற்ற இருவரும் சாட்சிக் கையொப்பம் இட்டார்கள். மருந்துக்கடைக்காரர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு இட்டார்.

என் நினைவு தவறியதை நான் ஒப்புக்கொள்வது அரிது என்பதை நீ அறிவாய். அந்தப் பட்டையில் தவறியதை மனமுவந்து ஒப்புக்கொள்கிறேன். முதல் பரிசு மருந்துக்கடைக்காரரின் பச்சை எஞ்சினுக்குப் போயிற்று. அது ஒரு வட்டம்கூட முழுதாகச் சுற்றாது. போகட்டும்.

மதிப்பெண் தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். மறு விசாரணை கோரி ரயில்வேக்கு நான் எழுதிய நான்கு பக்க மனுவும் உள்ளது. என் கைநாட்டு எப்படிப் பெறப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும். பாதிக்கப்பட்டவர் கையொப்பமிடாமல் மனு செல்லாது என்று ரயில்வே அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நான்காம் பக்கத்தின் அடியில் உனக்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறேன்.

அவசரப்படாதே. வெளிச்சத்தில் உட்கார்ந்து முதல் சொல்லிலிருந்து படி. உண்மைக்கு ஒரு நூல் கூடவோ குறையவோ இருந்தால் அடித்துத் திருத்து, நான் வருந்தமாட்டேன். அக்கா எழுதியதுதானே என்று படிக்காமல் மட்டும் கையொப்பமிடாதே, கண்ணு. படித்துப் பார், பிறகு இடு.

மழையிலும் உன் வாசல் திறந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தானே எழுதி, தானே இருமுறை படித்துப் பார்த்துக் கையொப்பமிடும்
உன் அக்கா