ஒரே முகவரிக்கு இரண்டு கடிதங்கள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை, குசினிக்குள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். மழைக்குத் தபால்காரர் வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் பதினொரு மணி வரை குடையோடு கேற்றடியில். அம்மாவின் செவ்வரத்தைச் செடியை ஊருக்குள் திரியும் மான் மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கிறது. துரத்தக்கூட மனமில்லை.

நேர்சிங் நேர்முகத் தேர்வு முடிந்து ஐந்து வாரம். உயரம் சரி. சான்றிதழ்கள் சரி. 'ஏன் தாதியாக வர விருப்பம்?' உளறினேன் என்றுதான் நினைக்கிறேன்.

இது இரண்டாம் முறை. அடுத்த முறை கூப்பிடும்போது எனக்கு வயதெல்லை தாண்டிவிடும். பிறகு ஏதாவது பார்மசியில் நின்று குளிசை எண்ண வேண்டியதுதான்.

கீர்த்திகா மூன்று தரம் கோல். யாழ்ப்பாணத்து மாமியின், அதாவது அப்பாவின் அக்காவின், மகள். என் வயது, அவளும் விண்ணப்பித்திருக்கிறாள். "என்ன மச்சாள், கடிதம் வந்ததோ?" தன்னுடையதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நல்ல மனம். மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்றுதான் எடுப்பார்கள், அங்கே போட்டி கூட. பாவம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது. 10.20க்குச் சைக்கிள் மணி.

"பிள்ளை, பதிவுத் தபால் ரெண்டு இருக்கு. ரெண்டுக்கும் கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன். ஒன்று எனக்கு. மற்றதில் கீர்த்திகாவின் பெயர். எங்கள் வீட்டு இலக்கம், எங்கள் வீதி, திருகோணமலை. ஏதோ பிழையாக்கும் என்று நினைத்தேன்.

என்னுடையது: காத்திருப்புப் பட்டியல். இந்த மாவட்டத்தில் முதலாவது பெயர். தெரிவானவர்களில் யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்களாம். ஒரு ஆள். ஒரே ஒரு ஆள் குறைந்திருந்தால்.

அவளுடையதை உடைக்கவில்லை. தடிப்பாக இருந்தது. தெரிவானவர்களுக்குத்தான் படிவமெல்லாம் வைத்து அனுப்புவார்கள்.

ஐந்தரைக்கு அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தார். இரண்டையும் மேசையில் வைத்தேன். முதலில் எடுத்தது அவளுடையதை. என் முகத்தைப் பார்க்காமலே, "ஓம், அது இஞ்சதான் வரும்" என்றார்.

அம்மா பருப்பைக் கிண்டிக்கொண்டே நின்றார். திரும்பவில்லை. அம்மாவுக்கும் தெரியும்.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி, போயா லீவு. அப்பா வீட்டில். இன்றைக்கு அவருக்கு ஓடி ஒளிக்க வேலைத்தலம் இல்லை. கேட்டேன். சொன்னவை, சொன்ன ஒழுங்கில்:

மூன்று வருடத்துக்கு முன்பே, இந்த மாவட்டத்து ஆள் என்று காட்ட, வாக்காளர் இடாப்பில் கீ.யை எங்கள் வீட்டு ஆளாகப் பதிந்தாயிற்று.

"அக்கா கேட்டவ. இடம்பெயர்ந்து போகேக்க எங்களை வைச்சுப் பாத்தவ. ஏலாது எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

"நீ எப்பிடியும் எடுபடுவாய் எண்டுதான் நினைச்சனான்."

"முன்னமே சொல்லியிருந்தா நீ படிச்சிருக்கமாட்டாய்."

கடைசியாகச் சொன்னதுதான் பொறுக்க முடியவில்லை. எனக்கு நன்மை செய்தாராம்!

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஓகஸ்டில் வதிவிடச் சான்றிதழுக்கு ஜீ.எஸ்.ஸிடம், அதுதான் எங்கள் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம், போனது நான். அப்பா ஒரு ஒட்டிய என்வலப்பையும் தந்தார். "இதையும் குடு பிள்ளை, என்ர அலுவல் ஒண்டு." வெயிலில் வரிசையில் நின்று கொடுத்தேன். கையெழுத்தாகி, திரும்ப ஒட்டித் தந்ததை வாங்கி வந்ததும் நான்தான். அது கீ.யின் வதிவிடச் சான்றிதழ். இப்படி ஒரு விசரி இந்த ஊரில் வேறு இருக்கமாட்டாள்.

அவள் தினமும் கேட்டதும் என் கடிதத்தை அல்ல.

கோல் மூன்று. எடுக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். கீ. வந்துவிட்டாள், இரண்டு பேக்கோடு. தெரிவானவர்களின் முகவரியை வீட்டுக்கு வந்து பார்த்து உறுதிப்படுத்தச் சொல்லியிருக்கிறார்களாம். பழைய ஜீ.எஸ். மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் திங்கள் வருகிறார்.

என் அலுமாரியில் பாதி அவளுக்கு. சுவரில் அவள் பள்ளிக்கூடப் படம். என் அறையில் மடிப்புக் கட்டில். என் கோப்பைக்குள் அவள் பிரஷ். எல்லாம் அம்மாதான் ஒழுங்கு. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார்.

கீ.: "என்னோட கோவமோ மச்சாள்?"

நான்: "உமக்கு எப்ப தெரியும்?"

கீ.: "முதல்லயே தெரியும். சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். எங்கட அம்மா வேண்டாம் எண்டிட்டா." பேக்கைத் திறந்தபடி: "ஆராவது போகாட்டி உமக்கும் கிடைக்கும்தானே."

ஆராவது போகாட்டி! அதைச் சொல்ல இவளுக்கு வாய் வந்ததே.

பின்னேரம் அம்மா குசினிக்குள் கூப்பிட்டார். "பொய் எண்டு தெரிஞ்சா அப்பான்ர வேலை போயிடும். யோசிச்சு நட பிள்ளை." என் கதை என்னாகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அதைச் சொன்னேன். அம்மா அழுதார். அழட்டும்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். 9.40க்கு ஜீ.எஸ். மிஸ் வந்தார். சின்ன வயது, பெரிய குடை. அப்பா அரைநாள் லீவு.

அறையைப் பார்த்தார். அலுமாரியைத் திறக்கச் சொல்லவில்லை. கீ.யிடம் மெல்லக் கேட்டார்:

"தங்கச்சி, இஞ்சயிருந்து தபாற்கந்தோருக்கு எந்தப் பக்கத்தால போறனீங்கள்?"

கீ. என்னைப் பார்த்தாள். அப்பா இருமினார். மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ. இவ இஞ்சதானே இருக்கிறவ?"

அப்பாவின் கை கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தது. 'இல்லை' வாய்க்குள் வந்து நின்றது. ஒரு சொல். என் இடம் எனக்கு.

"ஓம்" என்றேன்.

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம்."

எழுதினார். பிறகு, "நீங்களும் விண்ணப்பிச்சனீங்களோ?"

"ஓம்."

"கிடைச்சதோ?"

"இல்லை மிஸ்."

பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தைத் திருப்பி, வீட்டில் உள்ள இன்னொருவர் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். வைத்தேன்.

அப்பா கேற்றடி வரை போய் அனுப்பிவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார். "நீ நல்ல பிள்ளை."

கையைத் தட்டிவிட்டேன்.

இப்போது கீ. எல்லாருக்கும் தேத்தண்ணி போடுகிறாளாம். மூன்று வருடமாக இந்த வீட்டில் இருப்பவள் குசினியிலிருந்து கேட்கிறாள்: "மச்சாள், சீனி எங்க வைச்சிருக்கிறியள்?"