சாலேல்

இன்று காலை கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கமூடியைக் கழற்றினேன். பழைய சாமான் எடுக்கும் பங்கார்க்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். உள்ளிருந்து சூடேறிச் சூடேறிக் கருகிய தூசியின் வாசனை வந்தது. நீங்கள் விளையாடும்போது இந்த அறையில் நிற்கும் வாசனை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் போட்டேன்.

நான் தேர்ந்தெடுத்த கிராபிக்ஸ் கார்டு அதே இடத்தில்தான் இருந்தது. என் மகர்பட்டா ஆபீசில் கழித்த பெரிய மானிட்டர் வீட்டுக்கு வந்த நேரத்தில் வாங்கியது. சாகண் தொழிற்சாலையில் நாளெல்லாம் கார் செய்துவிட்டு, நிக்டி வீட்டுக்கு வந்து இதில் ரேஸ் கேமில் கார் ஓட்டுவீர்கள். "தெளிவை ஆயிரத்து அறுநூறுக்கு ஏத்துனா தூரத்து வளைவுகூடத் தெரியும் கண்ணு" என்று ஒரே பேச்சு. அதற்குத் தோதான கார்டு வேண்டும்.

கடையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் 128 எம்.பி. மெமரி, இன்னொன்றில் 256. நான் சாஃப்ட்வேர்க்காரி ஆயிற்றே, பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டேன். "சின்னதுல சிப்பு வேகம்ங்கறாங்களே" என்று இழுத்தீர்கள். நான் காதில் வாங்கவில்லை. அவ்வளவு தெளிவில் கேம் இதில் ஓடுமா என்று கடைக்காரரை இந்தியில் கேட்டேன். அவர் நிமிராமலே மராத்தியில் "சாலேல்" என்றார். ஓடும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கார் ஓடவில்லை, விட்டு விட்டு நின்றது.

"இது ரேஸ் இல்ல, கல்யாண ஆல்பம்" என்று சிரித்தீர்கள்.

"ஓடும்னு சொன்னாரேங்க!"

"அவரு எங்க ஓடும்னாரு? சாலேல்னா நாம 'பரவால்ல, ஆகட்டும்'ங்கற மாதிரி."

மாற்றிவரச் சொன்னேன். "நீ எடுத்தது, இருக்கட்டும்" என்று தெளிவை எண்ணூறுக்கு இறக்கினீர்கள். கார் ஓடியது. வளைவு மங்கிப்போயிற்று. அதன்பின் நம் வீட்டில் உப்புக் குறைந்தாலும் சாலேல், மழையில் துணி காயாவிட்டாலும் சாலேல்.

அந்த வியாழக்கிழமை மதியம் சாகணிலிருந்து போன் செய்தீர்கள். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. டாக்டர்கிட்ட நாளைக்குப் போனாப் போதுமா?"

நான் மீட்டிங்கில் இருந்தேன். "சாலேல்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சாயங்காலம்வரைகூட நீங்கள் இருக்கவில்லை. உங்கள் சிரிப்பு கடைசியாக என் காதில் விழுந்தது அந்த வார்த்தைக்குத்தான். அதை இப்படி எழுதும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன காலை ஊன்றுவதுபோல் இருக்கிறது.

பங்கார்க்காரர் வந்தார். கார்டை மட்டும் எடுத்துக்கொண்டேன், அது இல்லாமல் பரவாயில்லையா என்று கேட்டேன். "சாலேல்" என்று மூட்டை கட்டினார். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குத் தப்ப முடியாது. நான் மட்டும் சொல்வதில்லை.

ஆபீசில் யாராவது தலைவலி என்றால்கூட, "இப்பவே டாக்டர்கிட்ட போங்க" என்று எழுப்பிவிடுகிறேன். ஒரு தலைவலிக்கா என்று சிரிக்கிறார்கள். அது அவர்களுக்குச் சொல்வதல்ல என்று அவர்களுக்குத் தெரியாது.