வாய்க்கட்டு

ஐப்பசி, செவ்வாய் இரவு. மன்னார்குடி.

நேற்றிரவு தூக்கத்தில் என் மூச்சு மணிக்கு இருபது தடவைக்கு மேல் நின்றிருக்கிறது. காற்றை ஊதி அதைத் தடுக்க வேண்டிய இயந்திரத்தின் பதிவு அது. தஞ்சாவூர் டெக்னீஷியன் போனில் உறுதி செய்தார்.

முகம் முழுக்க மூடும் மாஸ்க், ஒருக்களித்தால் தலையணையில் பட்டு விலகியது. அதனால் மூக்கு மாஸ்க் கொடுத்தார்கள்.

"இதுக்கு வாய் திறக்கக் கூடாது சார், காத்தெல்லாம் வெளிய போயிடும். தாடைப் பட்டை வர்ற வரைக்கும் துணியால கட்டிக்குங்க. மல்லாந்து மட்டும் படுக்காதீங்க."

மூன்று நாளாக இதைத்தான் சொல்கிறார். என் மனைவி செல்வி சம்மதிக்கவில்லை. "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு வாய்க்கட்டா? கட்டவும் மாட்டேன், கட்டிக்க விடவும் மாட்டேன்."

நானும் வற்புறுத்தவில்லை. நிலத் தகராறில் வெட்டுப்பட்டுச் செத்தவர்களைத் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டோடு பார்த்துச் செய்தி எழுதியவன் நான்.

சாயங்காலம் அவளிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு தன் அரக்குச் சேலையில் ஒரு கீற்றுக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"வெள்ளை வேணாம்" என்றாள்.

தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். அவள் அப்பாவுக்கு அங்கேதான் போட்டார்கள். அவள் கை நின்றுவிட்டது. அவிழ்த்து, காதோரமாக மாற்றிக் கட்டினாள்.

"என் பக்கம் திரும்பிப் படுங்க."

அந்தக் கட்டோடுதான் எழுதுகிறேன். எதிர்க் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பட்டை வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். இன்றிரவின் எண்ணிக்கை விடிந்ததும் தெரியும். அதுவரை விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறாள்.